திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒரு தலைமைப் பயிற்சி

கொதிகலன் அறைச் சுவரில் மாட்டப்பட வேண்டிய அறிவுரைகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது: நீர்மட்டக் கண்ணாடியில் நீர் தெரியாவிட்டாலும், தெரிவது உண்மையான மட்டம்தானா என்று ஐயம் எழுந்தாலும், பொறுப்பில் இருப்பவர் உடனே எரியும் தீயை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துவிட வேண்டும், அதற்கு யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கக் கூடாது. பணிக்காலம் முழுக்க இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ ஆலைகளில் தேடியிருக்கிறேன். பெரும்பாலும் அதன்மேல் ஒரு சாமி காலண்டர் தொங்கும். காலண்டரை நகர்த்தச் சொல்வேன். நான் வாசலைத் தாண்டியதும் அது பழைய ஆணிக்கே திரும்பிவிடும்.

ஓய்வுபெற்ற கொதிகலன் ஆய்வாளரை யாரும் வெளியூருக்கு அழைப்பதில்லை. விழுப்புரம் வட்டாரத்துச் சிறுதொழில் முதலாளிகள் சங்கம் ஒன்று என்னை அழைத்ததற்கு ஒரு விதிதான் காரணம். பெங்களூரிலிருந்து பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்து, நெருக்கடி நேரத்தில் முழுத்திறனோடு செயல்படுவது எப்படி என்று முதலாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கப் போகிறார்கள். அதற்கு மானியம் உண்டு. மானியம் உண்டென்றால், பயிற்சி உண்மையில் நடந்தது என்று வெளியாள் ஒருவர் உடனிருந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பார்வையாளர் என்று அதற்குப் பெயர். பேசக் கூடாது, குறுக்கிடக் கூடாது, பார்க்கலாம். அரசுப் பணியில் எனக்குக் கிடைத்த அனுபவத்துக்குப் பொருத்தமான வேலை.

பாளையங்கோட்டையிலிருந்து போய் விழுப்புரத்தில் இறங்கியபோது ஆடிக் காற்று நடைமேடையின் குப்பையை எல்லாம் என்னை நோக்கி ஓட்டிக்கொண்டு வந்தது. விடுதி அறையில் முகம் கழுவினேன்; சோப்பு நுரைக்க மறுத்தது. இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். எங்கள் பக்கம் தாமிரபரணி பாதிச் சமையலைச் செய்துவிடும். இங்கே சமையல்காரர் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டும். காபியில் அந்தச் சண்டையின் முடிவு தெரிந்தது. தண்ணீர் வென்றிருந்தது.

மாலையில் தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் வார்த்தார்கள். ஒலிபெருக்கியின் இரைச்சலில் ஒரு பெண்மணி என் கையில் குவளையைத் திணித்து, "கேப்பக் கூழு சார், குடிங்க, உடம்புக்கு நல்லது," என்றார். எங்கள் ஊரில் கேழ்வரகு. முருங்கைக்கீரைப் பொரியல் ஒரு பிடி, மோர்மிளகாய் ஒன்று. அந்தப் பயணத்தில் நான் மனநிறைவோடு சாப்பிட்டது அது ஒன்றுதான். ஆகையால் எழுதி வைக்கிறேன்.

மறுநாள் பயிற்சி தொடங்கியது. இடம், ஒரு கல்யாண மண்டபம். ஆடியில் கல்யாணம் கிடையாது. மண்டபம் சல்லிசாகக் கிடைத்திருக்கிறது. பயிற்சியாளருக்கு மணமகன் அறை. வயது நாற்பதுக்குள், வெள்ளைக் காலணி, காதோரம் ஒலிவாங்கி. எல்லோரும் அவரைக் கோச் என்றார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. ஒரு பெரிய தாம்பாளத்தை ஆளுக்காளாக நீட்டி கைப்பேசிகளை வாங்கினார். தாம்பாளத்தின் விளிம்பில் போன முகூர்த்தத்தின் குங்குமம் ஒட்டியிருந்தது. பார்வையாளருக்கும் விதி பொருந்தும் என்று சொல்லி என்னுடையதையும் நானே வைத்தேன். எல்லாவற்றையும் மணமகள் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைக் கோச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடைசி நாள்தான் திறக்கப்படும். அவசரம் என்றால் வீட்டார் யாரை அழைப்பது என்று கேட்டேன். பார்வையாளர் பேசக் கூடாது என்று புன்னகையோடு நினைவூட்டினார். அவர் சொன்னது சரி.

பன்னிரண்டு முதலாளிகளும் பனிக்கட்டி வாளியில் கையை விட்டுக்கொண்டு மனக்கணக்குப் போட்டார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். கோச் ஒவ்வொருவர் காதிலும் கத்தினார். அவர்கள் சிரித்துக்கொண்டே ஆழ்ந்து மூச்சுவிட வேண்டும். என் பக்கத்தில் இருந்தவர் ஹமீது பாய், கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் பல வருஷம் கடை நடத்திவிட்டு இப்போது இங்கே கட்டுமானப் பொருள் வியாபாரம். பனிக்கட்டியிலிருந்து கையை எடுத்துத் துடைத்தபடி, "அரபி கத்தாத கத்தா சார்? அவன் கத்துனாலும் மாசம் பொறந்தா துட்டு குடுத்தான். இங்க நாம குடுத்து கத்த வச்சிக்கினு இருக்கோம்," என்றார்.

பனிக்கட்டியில் முதலில் தோற்றவர் தனசேகர். விக்கிரவாண்டி தாண்டி நெடுஞ்சாலையில் அரிசி ஆலை வைத்திருப்பவர்; ஐம்பதை நெருங்கும், பருத்த, கூச்ச சுபாவக்காரர். கையை எடுத்தது மட்டுமில்லை, பழக்கதோஷத்தில் சட்டைப் பையைத் தடவிப் போனைத் தேடினார். கோச் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் ஆலையை விட்டு இருக்க முடியாதவர் முதலாளி இல்லை, காவல்காரர் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். சிரித்தார்கள். தனசேகரும் சிரித்தார், ஆனால் மதியச் சாப்பாட்டில் அவர் இலையில் சோறு அப்படியே இருந்தது.

இரவு உணவின்போது அவராகவே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். நான் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் கொஞ்சம் நிமிர்ந்தார். கொதிகலன் ஆய்வாளர் என்றால், ஓய்வு பெற்றாலும், ஆலைக்காரர்கள் நிமிரத்தான் செய்வார்கள். தம் ஆலையின் ஒழுங்கைப் பற்றிச் சொன்னார். "நான் சொல்லாம ஒரு சுவிச்சு உழாது சார் நம்ம மில்லுல. ஒருவாட்டி பாய்லர் பாக்குற ஃபயர்மேன் அவனா நெருப்ப நிறுத்திட்டான். நெல்லு மொத்தமும் நாறிப்போச்சி. அன்னிக்கி குடுத்த டோஸுல, இப்ப தும்மறதுக்குக்கூட போன் போட்டுக் கேப்பாங்க." உங்கள் போன் மணமகள் அறையில் இருக்கிறதே என்று நான் சொல்லியிருக்கலாம். பார்வையாளர் விதிக்கு உணவு வேளையில் விலக்கு உண்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்; அதற்குள் மோர் வந்துவிட்டது.

மூன்றாம் நாள்தான் திண்டிவனம். கோச் அதைக் களப்பரீட்சை என்றார். இருவர் இருவராகப் பிரித்து ஒவ்வோர் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பினார். லுங்கி, பழைய சட்டை, பேருந்துக்கு மட்டும் சில்லறை, ஒரு சிப்பம் அவித்த வேர்க்கடலை. மாலைக்குள் விற்க வேண்டும். தான் யார் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. "உங்களைக் கலைக்க ஆள் அனுப்புவோம். தெரிந்தவர் வருவார், அழுவார், கெஞ்சுவார். பெற்ற தாயே வந்தாலும் யாரென்று தெரியாது என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் வெளியே," என்று ஆங்கிலம் கலந்து எச்சரித்தார். தனசேகருக்கும் ஹமீது பாய்க்கும் திண்டிவனம் விழுந்தது. அவர்களோடு நான்.

நாங்கள் ஏறியது ஊருக்குள் போகும் பேருந்து என்று பலகை சொன்னது. நடத்துநர் வேறு கருத்து வைத்திருந்தார். மேம்பாலத்துக்கு அடியில் நிறுத்தி, "திண்டிவனம்லாம் எறங்கிக்கோ, ஜல்தி ஜல்தி," என்று விசிலடித்தார். பலகையில் போட்ட வழியில் ஓட்டாமல் பயணியை நடுவழியில் இறக்குவது பற்றிய விதியை நான் சொல்லத் தொடங்கினேன். பேருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு சென்னை நோக்கிப் போய்விட்டது. தலையில் கடலைச் சிப்பத்தோடு ஓர் அரிசி ஆலை முதலாளியும், பின்னால் ஒரு துபாய்க் கடைக்காரரும், அவர்களுக்குப் பின்னால் குடையோடு ஓர் ஓய்வுபெற்ற அதிகாரியும் ஊருக்குள் நடந்தோம். வழியில் ஒரு ஆட்டோக்காரர், "யோவ் பெருசு, குடையை மூட்டைக்காரனுக்குப் புடிய்யா," என்றார். நியாயமான யோசனை. பிடித்தேன்.

பேருந்து நிலையத்தில் ஹமீது பாய் பத்து நிமிஷத்தில் வியாபாரியானார். "மல்லாட்டை, மல்லாட்டை, சூடான மல்லாட்டை," என்று அவர் குரல் கொடுத்ததும் செஞ்சிப் பேருந்தின் சன்னல்கள் எல்லாம் திரும்பின. மல்லாட்டை என்றால் என்னவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தனசேகர் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூண் மறைவில் நின்றார். பிறகு மெல்ல வெளியே வந்தார். ஒரு பொட்டலம் விற்றதும் முகத்தில் ஏதோ தெளிந்தது. மூன்றாவது பொட்டலத்தில் கூவவே ஆரம்பித்தார். அவரிடம் முதல்முறையாக ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன் என்று என் குறிப்பில் எழுதினேன்.

அப்போதுதான் ஏழுமலை வந்தார்.

தனசேகர் ஆலையின் ஃபயர்மேன். காக்கி அரைச்சட்டை, புருவமும் முடியும் உமிச்சாம்பலில் நரைத்தது போல் இருந்தன. விழுப்புரம் பேருந்திலிருந்து இறங்கி, அங்கிருந்த கடைக்காரரிடம், விழுப்புரத்து மண்டப வாட்ச்மேன் முதலாளி இந்த ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னாரே, இங்கே எந்த மண்டபத்தில் மீட்டிங் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே திரும்பியவர், லுங்கியில் நின்ற தனசேகரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு கிட்டே வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"மொதலாளி, நேத்து சாயங்காலத்துலேர்ந்து போன் போட்டுக்கினு இருக்கேன். பம்பு நின்னு நின்னு ஏத்துது. ஒரு கண்ணாடியில தண்ணி நிக்கிது, இன்னொண்ணுல ஒண்ணையும் காணோம். எது நெசம்னு தெரியல. மத்தியானம் நெல்லு அவிக்கணும், ஊறல் தொட்டி ரெண்டும் ரொம்பிக் கெடக்குது. அவிக்கட்டா, வாணாவா? ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

தனசேகர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பொட்டலத்தை நீட்டினார்.

"யாருங்க நீங்க? எனக்குத் தெரியாது. மல்லாட்டை வேணுமா?"

ஹமீது பாய் சட்டென்று கூவுவதை நிறுத்தினார். "தனசேகரு, ஆளு மூஞ்சியப் பாருய்யா. நடிப்பு மாதிரி தெரியலையே," என்றார். தனசேகர் அசையவில்லை. கோச் சொன்னபடி, தெரிந்த ஆளையே பிடித்து அனுப்பியிருக்கிறார் என்று அவர் முடிவு செய்துவிட்டார். உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்புக்கூட இருந்தது. பனிக்கட்டி வாளியில் தோற்றவர் இங்கே ஜெயித்துக்கொண்டிருந்தார்.

ஏழுமலை அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். அவர் கண் நிறைந்தது. குனிந்து, தனசேகருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன் மொதலாளி," என்று சொல்லிவிட்டு விலகி நடந்தார்.

பார்வையாளர் பேசக் கூடாது. நான் குடையை மடக்கிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன்; என் வயதில் அதற்கு ஓட்டம் என்றுதான் பெயர். கட்டணக் கழிப்பறை வாசலில் பிடித்தேன். பாய்லர் பக்கத்தில் இப்போது யார் நிற்பது என்று முதலில் கேட்டேன். பழக்கம். நெருப்பைக் குறைத்து, மேனேஜரை நிற்க வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். மேனேஜருக்குச் சான்றிதழ் இல்லை. ஆவி நிற்கும் கொதிகலனைச் சான்றிதழ் உள்ளவர் விட்டு வரக் கூடாது. அதை அப்போது நான் சொல்லவில்லை. இது ஒரு பயிற்சி என்றேன். தன் முதலாளி நல்லபடியாக இருக்கிறார், நாளைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார், பெரிய முதலாளிகள் பணம் கட்டி இதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "துட்டு குடுத்து மல்லாட்டை விக்க வருவாங்களா சார்? நீங்களும் மறைக்கிறீங்க. மில்லு கடன்ல முழுகிப்போச்சா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் விதி இல்லை. கொதிகலனைப் பற்றி மட்டும் பேசினேன். கண்ணாடி இரண்டும் இரண்டு விதமாகச் சொன்னால் யாரையும் கேட்க வேண்டாம், நேரே போய் நெருப்பை இழுத்துருங்க என்றேன். ரூல் தனக்கும் தெரியும் என்றார், கொஞ்சம் கோபமாக. "பரீச்சையில எழுதிப் பாஸ் பண்ணவன்தான் சார் நானு. ரூலு வந்து மில்லுல நிக்குமா? மொதலாளிதான நிப்பாரு." இருந்தாலும் போனார். விழுப்புரம் பேருந்தின் படியில் தொற்றிக்கொண்டு, நான் இருந்த பக்கம் பார்க்காமலே போனார்.

திரும்பும் வழியில் தனசேகரிடம் வந்தது உண்மையான ஆள், உண்மையான கோளாறு என்று நான் சொன்னேன். என் பணிக்காலத்துக் குரலில் சொன்னேன். அவர் பணிவோடு கேட்டுக்கொண்டு, "நீங்களும் டெஸ்ட்டுதான சார்," என்றார். ஹமீது பாய் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "இது ஒரு பேஜாரு புடிச்ச படிப்பு," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். மண்டபத்தில் கோச்சிடம் சாவி கேட்டேன். பங்கேற்பாளர் தாமே கேட்டு எழுத்தில் தந்தால்தான் பூட்டைத் திறப்பதாகச் சொன்னார். தனசேகர் கேட்க மறுத்தார். நான் வெளியே போய்ப் பெட்டிக் கடையில் போன் கேட்டேன். ஆலையின் எண் தனசேகரின் போனில் இருந்தது, போன் மணமகள் அறையில் இருந்தது. ஆலையின் பெயரை வைத்துத் தேடிப் பார்க்கச் சொன்னேன். கடைக்காரர் தேடிக் கொடுத்த எண்ணில் ஒரு மாவு மில் கிடைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பரோட்டா போட்டிருந்தார்கள். நான் சாப்பிடவில்லை.

நான்காம் நாள் காலை விழா. தனசேகருக்குத்தான் முதல் பரிசு. எதிர்பாராத நெருக்கடியிலும் பாத்திரத்தைவிட்டு விலகாதவர் என்று கோச் பாராட்டினார். தனசேகர் மேடையிலிருந்தே அவரிடம், நேற்று என் ஃபயர்மேனையே அனுப்பினீர்களே, ரொம்ப நன்றாக நடித்தான், எப்படிப் பிடித்தீர்கள் என்று சிரித்துக் கேட்டார். கோச் திண்டிவனத்துக்கு யாரையும் அனுப்பவில்லை. அனுப்ப இருந்தவருக்குக் காய்ச்சல்.

பிறகு தாம்பாளம் வந்தது. தனசேகர் தம் போனை எடுத்து உயிர் கொடுத்தார். திரையைத் தள்ளினார், மேலும் தள்ளினார். ஏழுமலை என்ற ஒரே பெயர் வந்துகொண்டே இருந்தது. கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். நானும் அவர் காரில் ஏறிக்கொண்டேன்.

ஆலை வாசலிலேயே வாடை வந்தது. ஊற வைத்த நெல் வேளைக்கு அவியாமல் புளித்தால் வரும் வாடை. சாக்கடைக்கும் கள்ளுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. கொதிகலன் குளிர்ந்து கிடந்தது. அடுப்பு வாயில் இழுத்துப்போட்ட நெருப்பு நனைந்து கறுத்த மேடாக இருந்தது, முறையாக இழுத்திருந்தார். ஒரு கம்பி வாங்கி, தண்ணீர் நின்ற கண்ணாடியின் அடிக்குழாயைக் குத்தினேன். கொண்டைக்கடலை அளவில் சுண்ணாம்புக் கட்டி உதிர்ந்தது. விழுப்புரத்துத் தண்ணீர். அதுவரை பாதியில் நின்றுகொண்டிருந்த மட்டம் ஒரே இறக்கமாக இறங்கிக் காணாமல் போயிற்று. உள்ளே இருக்க வேண்டிய நீர் இல்லை. நேற்று மத்தியானம் நெல் அவித்திருந்தால் இந்தக் கூரை இங்கே இருந்திருக்காது, இங்கே நிற்கிற உங்கள் ஆட்களும்தான் என்று தனசேகரிடம் சொன்னேன். அவர் கம்பியை வாங்கிப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன்.

யார் நிறுத்தச் சொன்னது என்று மேனேஜரைக் கேட்டார். "நீங்கதான் சொன்னீங்கன்னு ஏழுமலை சொன்னான். திண்டிவனத்துல பாத்தேன், நிறுத்தச் சொல்லிட்டாருன்னு."

மூட்டை தூக்குபவர்கள் எல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஏழுமலை உமிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். தனசேகர் கேட்டார், "நான் எப்பய்யா சொன்னேன்?"

ஏழுமலை பதில் சொல்லவில்லை. முதலாளியைத் தான் எந்தக் கோலத்தில் பார்த்தோம் என்று அத்தனை பேர் முன்னால் அவர் எப்படிச் சொல்வார்? ஒருத்தரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். மேனேஜர் அடுப்பில் கைவைக்க விடமாட்டார் என்பதால் ஒரு பொய், அந்தப் பொய்க்கு மேல் இந்த மௌனம். தனசேகருக்கும் அது தெரியும்; அவருக்கும் கடலை விற்ற கதை இந்த முற்றத்தில் பரவுவதில் விருப்பமில்லை. நான் வாயைத் திறந்தேன். தனசேகர் என் முன்னால் கையை நீட்டித் தடுத்தார்.

"பாய்லர நிறுத்தினது தப்பு இல்ல," என்றார் ஏழுமலையிடம். "நான் சொல்லாதத சொன்னேன்னு சொன்ன பாரு, அதான். நாளைக்கி என் பேர்ல வேற எதுக்கும் சொல்லுவ. வாணாம். நாளையிலேர்ந்து வராத."

குரல் உயரவில்லை, மூச்சு சீராக இருந்தது. பயிற்சி நன்றாகப் பலித்திருந்தது. அறைக்குள் அழைத்துப்போய் நான் பேசியதெல்லாம் வீண். உயிரைக் காப்பாற்றியவனை அனுப்புகிறீர்களே என்றேன். அவனை இங்கே வைத்துக்கொண்டு தினமும் அவன் முகத்தைப் பார்க்க முடியாது சார் என்று கடைசியில் சொன்னார். அது ஒன்றுதான் அன்று அவர் சொன்ன உண்மை.

நெடுஞ்சாலை நிறுத்தத்தில் ஏழுமலை சாப்பாட்டுத் தூக்கோடு நின்றார். நல்லவேளை, மில்லு முழுகல என்று சொன்னார். அதில் அவருக்கு உண்மையாகவே ஒரு நிம்மதி இருந்தது. பிறகு தம் காரியத்துக்கு வந்தார். இந்த வட்டாரத்து ஆலைக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம், அல்லது சொந்தம் மாதிரி. நெல்லை நாறடித்தவன் என்ற பேர் தனக்கு முன்னால் போய்விடும். "நான் செஞ்சது சரின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். வேற மில்லுல காட்டுறேன். எனக்கு வேற தொழில் தெரியாது." ஓய்வு பெற்றவன் எழுத்துக்கு மதிப்பில்லை, சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எழுதி, முத்திரையோடு அந்த வரியை வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். வானூர் போகும் வழியில் இறங்க வேண்டியவர், அதற்கான பேருந்து வந்ததும் கைகூப்பிவிட்டு ஏறினார்.

பாளையங்கோட்டை திரும்பி, நல்ல தண்ணீரில் காபி குடித்துவிட்டு மனுவை எழுதினேன். மனு எழுதுவது எனக்குத் தெரிந்த வேலை. நடந்தது நடந்த வரிசையில், எதையும் விடாமல், பத்தி எண்ணிட்டு. ஓர் உண்மையை மறைத்தவனின் மற்ற உண்மைகளும் செல்லாது என்று என்கீழ் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அடைப்பு எங்கே இருந்தது, நெருப்பை எப்படி இழுத்தார், அதற்கு முன் கொதிகலனை யார் பொறுப்பில் விட்டுவிட்டு உத்தரவு கேட்டுத் திண்டிவனம்வரை வந்தார் என்பதெல்லாம் அதில் இருந்தது. பார்வையாளர் சான்றில் பயிற்சி நடந்தது என்று கையெழுத்தும் போட்டு அனுப்பினேன். நடந்தது, அதை மறுக்க முடியாது.

புரட்டாசியில் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். ஐப்பசியில் இன்னொன்று. இடையில் ஏழுமலை பேசினார். பொம்மையார்பாளையத்தில் கடலோர விடுதி ஒன்றில் காவலுக்கு இருந்தார். பேச்சுக்குப் பின்னால் அலைச்சத்தம். வெள்ளைக்காரர்களுக்குக் கதவு திறந்துவிடும் வேலை, சும்மா நிற்க முடியவில்லை சார், கை பரபரக்குது என்றார். பதில் வந்துச்சா என்று கேட்டார். மழைக்காலத்தில் மறுபடி பேசினார், குரலே மாறியிருந்தது. நடந்ததைக் கேள்விப்பட்ட ஹமீது பாய் இவருக்காகத் திண்டிவனத்தில் ஓர் ஆலைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். தை பிறந்து சம்பா நெல் வரும்போது வரச் சொல்லிவிட்டார்கள். காகிதம் எதுவும் கேட்கவில்லையாம், சான்றிதழ் ஒன்றைத் தவிர.

ஆக, பதில் இனித் தேவையில்லை. ஆனாலும் கேட்ட கேள்விக்குப் பதில் வாங்காமல் விடுவது என் வழக்கமில்லை. மார்கழியில் மூன்றாவது நினைவூட்டலைக் கொஞ்சம் கடுமையாகவே எழுதினேன், அவர் தையில் சேரவிருக்கும் ஆலையின் பெயரையும் விடாமல் குறிப்பிட்டு, மேலதிகாரிக்கு ஒரு நகலோடு.

தை இரண்டாம் தேதி ஏழுமலை புதிய ஆலையிலிருந்து அழைத்தார். கண்ணாடி இரண்டும் பளிச்சென்று இருக்குது சார், ரெண்டும் ஒரே கணக்குதான் சொல்லுது என்று சிரித்தார். பொங்கலுக்கு அவர் வீட்டில் செய்ததை எல்லாம் சொல்லி, ஒருமுறை குடும்பத்தோடு வாங்க என்றார்.

அலுவலகத்திலிருந்து வந்த பதில் இரண்டு பத்தி. முதல் பத்தி: ஐயத்துக்குரிய நீர்மட்டத்தில் தீயை இழுத்தது விதிப்படி சரியே. இரண்டாம் பத்தி: ஆயினும், மனுதாரர் தம் மனுவின் நான்காம் பத்தியில் கூறியுள்ளபடி, மேற்படி ஏழுமலை ஆவி நிலையில் இருந்த கொதிகலனைச் சான்றிதழ் இல்லாதவர் பொறுப்பில் விட்டு வெளியூர் சென்றது கடுமையான விதிமீறல், ஆகவே அவர் தம் சான்றிதழை ஒப்படைத்து விளக்கம் தர வேண்டும், விசாரணை முடியும்வரை எந்தக் கொதிகலனின் பொறுப்பிலும் இருத்தல் கூடாது. நகல் அவருக்கும், அவர் இப்போது பணிபுரியும் ஆலைக்கும். விதியில் பிழை எதுவும் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். கடிதம் என் கைக்குக் கிடைத்தது தை ஐந்தாம் தேதி.